கதிர்வீச்சு, கதிரியக்கம்: செல்போனுக்கு எந்தச் சொல்?

கடலூர், பாண்டிப் பக்கம் ‘ரேடியேஷன்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். ஜிப்மரில் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிகிச்சையும் ரேடியேஷன் (ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் வைக்கிறாங்க’), ஈசிஆரில் வடக்கே போனால் வரும் கல்பாக்கம் அணுமின் நிலையம் என்றாலும் ரேடியேஷன், எதிர்வீட்டு மாடியில் டவர் நட்டாலும் ரேடியேஷன். மூன்றையும் ஒரே சொல்லில் கேட்கிறவர்கள், பிள்ளை கையில் போனைப் பார்த்ததும் பதறத்தான் செய்வார்கள்.

லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் என்றும் பொருள். அதில் பிறந்ததுதான் ரேடியேஷன். கணக்குப் பாடத்தில் வட்டத்தின் ‘ஆரம்’ என்று படித்தோமே, அதுவும் அதே ரேடியஸ்தான். தமிழில் இதற்குச் சரியான சொல் கதிர்வீச்சு. கதிர் நமக்குப் பழைய சொல், கதிரவன் என்ற பெயரிலேயே இருக்கிறது. ஒரு பொருளிலிருந்து ஆற்றல் அலையாகவோ துகளாகவோ வெளியே பரவினால் கதிர்வீச்சு, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் சித்திரை வெயிலும் கதிர்வீச்சு, டியூப்லைட் வெளிச்சமும் கதிர்வீச்சு.

கதிரியக்கம் வேறு. யுரேனியம் போன்றவற்றின் நிலையில்லாத அணுக்கரு தானாகவே சிதைந்து கதிர்களை வெளியிடுவதற்குத்தான் அந்தப் பெயர். ‘செல்போன் கதிரியக்கம்’ என்று எழுதுகிறார்களே, அது தப்பு, தேவையில்லாமல் பயமுறுத்தும் தப்பு.

எக்ஸ்ரேவுக்கும் காமாக் கதிருக்கும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு உண்டு, அதனால் மரபணு சேதமாகலாம். இவை அயனியாக்கும் கதிர்வீச்சு. போனிலிருந்து வருவது ரேடியோ அலை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைவிடவும் வலு குறைந்த வகை, அயனியாக்காதது. உடம்பில் லேசாகச் சூடேற்றும், உறுதியாகத் தெரிந்த விளைவு அதுதான். அப்புறம் ஏன் புற்றுநோய்ப் பேச்சு? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளை ‘2பி’ பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்பதுதான் அந்தப் பிரிவுக்கு அர்த்தம். உண்டாக்கும் என்று அது சொல்லவில்லை. 2024இல் அதே சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த விரிவான ஆய்வுத் தொகுப்பிலும் செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

இந்தியாவில் செல்போனுக்கு ஒரு வரம்பு உண்டு: போனின் அலையிலிருந்து உடல் உள்வாங்கும் ஆற்றல் ஒரு கிலோ உடல் திசுவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் போனில் *#07# அடித்தால் பெரும்பாலான போன்களில் அந்த அளவு திரையில் வரும், தலைக்கு ஒன்று உடம்புக்கு ஒன்று என்று. இன்னொன்றும் கவனியுங்கள், சிக்னல் குறையக் குறைய டவரை எட்டிப் பிடிக்க போன் கூடுதல் சக்தியில் அலையை அனுப்பும், ஆக டவர் கிட்டே இருந்தால் காதோரம் வரும் அலை குறைவுதான். ஒரே ஒரு கோடு காட்டுகிற இடத்தில் நீண்ட நேரம் பேச வேண்டி வந்தால் இயர்போனோ ஸ்பீக்கரோ போட்டுக்கொள்ளுங்கள்.