வாயில் இரும்பு வாடை எங்கிருந்து வருகிறது?

கொங்கு நாட்டு வேலியோரங்களில் படரும் சிறுகுறிஞ்சான் இலை இரண்டை நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகை கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். மணலைக் கடித்தது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடுகின்றன. உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இனிப்பு திரும்பிவிடும்.

எந்த இலையையும் மெல்லாமலே சிலருக்குச் சுவை இப்படிப் புரண்டுவிடுகிறது, அதுவும் வாரக்கணக்கில். “அரிசிம்பருப்புகூட ஒணத்தியா இல்லீங்க, வாயெல்லாம் இரும்பு வாடைங்க” என்பார்கள். மருத்துவச் சீட்டில் இதற்கு எழுதும் பெயர் டிஸ்கூசியா. சிலர் டிஸ்ஜூசியா என்றும் உச்சரிப்பார்கள். ஆங்கிலத்தில் டி, ஒய், எஸ், ஜி, இ, யு, எஸ், ஐ, ஏ. கிரேக்கத்தில் ‘கெயுசிஸ்’ என்றால் சுவை, ‘டிஸ்’ என்றால் கோளாறு. நடுவிலுள்ள ‘இ, யு’ தான் எழுதும்போது அடிக்கடி இடம் மாறும். அதைவிடப் பெரிய குழப்பம் டிஸ்ஃபேஜியாவோடு வருவது. அது விழுங்க முடியாத நிலை. காரணமும் வேறு, பார்க்கும் பரிசோதனையும் வேறு. ஆகவே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடுபவர்கள் எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சுவையே தெரியாமல் போனால் ஏகூசியா, மங்கினால் ஹைப்போகூசியா. டிஸ்கூசியாவில் சுவை தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும்.

நாக்கின் சுவை மொட்டு ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 செல்கள் வரை இருக்கும். சுவையறியும் செல்களில் பல 10 நாள், இரண்டு வாரத்துக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இப்படி ஓயாமல் புதுப்பித்துக்கொள்வதால்தான் சூடு காப்பியில் வெந்த நாக்கு சீக்கிரம் தேறுகிறது, பலவீனமும் அதுவேதான். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் புற்றுநோய் மருந்துகள் இவற்றையும் விட்டுவைப்பதில்லை. துத்தநாகச் சத்து குறைந்தாலும் சுவை கெடும். அதற்காக வாய் கசக்கிற எல்லோரும் துத்தநாக மாத்திரை வாங்கி விழுங்குவதில் பயனில்லை, குறைபாடு இருந்தால்தான் அது பெரிதும் உதவும்.

நாக்கின் முன்பகுதிச் சுவையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பின் பாதைதான் எனக்கு எப்போதும் வியப்பு. அது செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதின் குட்டி எலும்புகளை ஒட்டிப் போகிறது! காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலர் “நாக்கில் இரும்பு வாடை” என்று சொல்வது இந்த நரம்பு சீண்டப்படுவதால்தான்.

மாத்திரைகளில், வயிற்றுக் கிருமிகளுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் உலோகச் சுவைக்குப் பேர்போனது. உடலில் கலந்த மருந்து எச்சில் வழியாகவும் வெளியேறுவதால், விழுங்கிய பிறகும் அதன் சுவை வாயிலேயே நிற்கிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் சிலருக்கு இதே வேலையைச் செய்யும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எச்சிலில் யூரியா கூடி, அது அம்மோனியாவாகச் சிதைவதால் வாய் நாறும், சுவையும் திரியும். ஈறு நோய், வாய் உலர்வது, கர்ப்பம் என்று காரணங்கள் இன்னும் உண்டு.

சுவை கெட்டது என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் கெட்டிருப்பது மூக்கு. ரசத்தின் மணம் தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறினால்தான் அது ரசம். இல்லாவிட்டால் வெறும் புளிப்பும் உப்பும் காரமும்தான். கொரோனாவுக்குப் பிறகு இது பலருக்குப் பட்டே தெரியும்.

மருந்தால் வந்த கோளாறு பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் மெல்ல விலகும், சிலருக்கு வாரங்கள் ஆகும். ஆனால் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்று மருந்தோ அளவுக் குறைப்போ கிடைக்கலாம். அதுவரை எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி, சாப்பிடும் முன் உப்பு நீரில் வாய் கொப்பளிப்பு, சூடு ஆறிய சோறு ஆகியவை சிலருக்குக் கைகொடுக்கும். கறி இரும்பாய்க் கசந்தால் முட்டையும் கொள்ளுப் பருப்பும் புரதத்துக்குப் போதும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.