டார்ட்ரசின்: கேசரிப் பவுடரில் இருக்கும் சாயம்

மளிகைக் கடையில் வாங்கும் கேசரிப் பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 102 என்றோ, கூடவே 110 என்றோ போட்டிருக்கும். அந்த 102தான் டார்ட்ரசின். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு ‘கலர் போட்டதைக் கொடுக்காதீங்க’ என்று சொல்பவர்கள் மனதில் வைத்திருக்கும் கலர்களில் இதுவும் ஒன்று.

பெயரின் முதல் பாதி டார்டாரிக் அமிலம். திராட்சை மதுப் பீப்பாயின் உட்புறத்தில் படியும் உப்புக்கு லத்தீனில் டார்டாரம் என்று பெயர். அதிலிருந்து பிரித்த அமிலம் இது. நம் புளியின் புளிப்பும் பெரும்பாலும் இதுதான். பின்பாதியில் இருப்பது நைட்ரஜனின் பழைய பிரெஞ்சுப் பெயரான அஸோட். சுவிஸ் வேதியியலாளர் சீக்லர் 1884இல் கண்டுபிடித்த இந்த மஞ்சள், கம்பளிக்கும் பட்டுக்கும் ஏறியது. பிறகுதான் மிட்டாய்க்கு வந்தது.

‘கேசரி’ வடமொழிக் கேசரத்திலிருந்து வந்தது: பூவின் தாது இழை, குங்குமப்பூ. பாக்கெட்டில் அதில் ஓர் இழைகூடக் கிடையாது!

தமிழில் டார்ட்ரசினை ‘நிறமி’ என்று எழுதுகிறார்கள். இலையின் பச்சையமும் நிறமிதானே, அது பொருந்தவில்லை. துணிக்குப் போட்டது, தண்ணீரில் கரைவது. ‘மஞ்சள் உணவுச் சாயம்’ என்பதே சரி. டார்ட்ரசின் என்ற பெயரை அப்படியே விட்டுவிடலாம், லேபிளில் தேட அது வேண்டும்.

சாயத்துக்கும் துறுதுறுப்புக்கும் முடிச்சுப் போட்டுப் பிரபலமாக்கியவர் 1970களில் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட். அவர் சொன்ன அளவுக்குப் பின்வந்த சோதனைகள் காட்டவில்லை. 2007இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 வயது, 8–9 வயதுப் பிள்ளைகளுக்குச் சாயங்களும், உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்தார்கள். சராசரியில் துறுதுறுப்பு சற்றே கூடியது. ஆனால் கொடுத்தது கலவை. டார்ட்ரசினை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சாயம் சேர்த்த உணவில் குழந்தைகளின் கவனம் பற்றிய எச்சரிக்கை வாசகம் கட்டாயம்.

கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுப்பாக இருப்பதைக் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு (ADHD) என்பார்கள். அதில் பரம்பரைக்குத்தான் பெரும்பங்கு. சாயத்தை நிறுத்துவதில் நஷ்டமில்லை, அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதில்தான் வம்பு. அப்புறம், இந்தக் கோளாறுக்கான மீதைல்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு மதியம் பசி மந்தப்படும். மாத்திரைக்கு முன்பே இட்லியோ முட்டையோ வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள்.