பழைய பேட்டரியை எங்கே கொடுப்பது?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தீர்ந்துபோன பேட்டரி சேர்த்து வைத்திருந்தார். சுவர்க் கடிகாரம், ரிமோட், பேரனின் பொம்மை கார் எல்லாவற்றிலிருந்தும் கழற்றியவை. குப்பை வண்டியில் வாங்கவில்லை. வார்டு அலுவலகம் மண்டல அலுவலகத்தைக் காட்டியது. அங்கே, "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கேளுங்கம்மா." அங்கேயும் போனார், இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அதுவோ கம்பெனிகளும் மறுசுழற்சி ஆலைகளும் பதிவு செய்வதற்கான தளம். டப்பாவோடு நிற்பவருக்கு அதில் என்ன வேலை?

2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பென்சில் பேட்டரி முதல் மின்வாகன பேட்டரி வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். பழையதைத் திரட்டி, உலோகத்தைப் பிரித்தெடுக்க வைக்கும் பொறுப்பு தயாரித்த, இறக்குமதி செய்த கம்பெனிகளுடையது. நம் வேலை, மற்ற குப்பையோடு கலக்காமல் சேகரிப்பவரிடம் கொடுப்பது. அவ்வளவுதான்.

பலர் ஏமாறுவது பண விஷயத்தில். பழையதைக் கொடுத்தால் காசு என்று விதி உறுதி சொல்லவில்லை. கம்பெனி விரும்பினால் அப்படித் திட்டம் வைக்கலாம். ரிமோட் பேட்டரிக்குக் காசு எதிர்பார்க்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி வேறு கதை. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம், நல்ல விலை உண்டு. புதிது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை என்று இரண்டையும் கேளுங்கள். கழித்த தொகை பில்லில் இருக்கட்டும். காயலான் கடையில் ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு எடை போடுவார்கள். எடையும் குறையும், சாக்கடையும் கெடும். அங்கே போடவே வேண்டாம்.

சரி, அக்காவின் டப்பா? பழைய பேட்டரி போன்ற வீட்டு அபாயக் கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே உள்ளாட்சிகளுக்குச் சொல்லியாயிற்று. வாயால் கேட்டால் அலையத்தான் விடுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மையத்தின் முகவரியும் திறக்கும் நேரமும் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அதுவரை வீட்டில் வைக்கும்போது செல்போன் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். உப்பிப்போனதை டப்பாவில் மற்றவற்றோடு போடாதீர்கள், குத்தியும் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். பட்டன் பேட்டரி குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது.