டப்பாக்களைத் தூக்கி எறிவதற்கு முன்

மின்சாரச் செலவைக் குறைக்க வழி கேட்டு ஒரு வீட்டில் அழைத்திருந்தார்கள். போனபோது வாசலோரம் இரண்டு பெரிய மூட்டைகள் கட்டி வைத்திருந்தது. பிளாஸ்டிக் டப்பாக்கள், வாளி, மக், பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டில்கள், தரை துடைக்கும் திரவம் என்று எல்லாமே முந்தின நாள் வரை உபயோகத்தில் இருந்தவை. சமையலறை மேடையில் புத்தம் புதிய கண்ணாடி டப்பாக்கள் வரிசையாக நின்றன. "இனிமே சூழலைக் கெடுக்கிற பொருள் ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன் சார்" என்றார் அந்த வீட்டு அம்மா. குரலில் அவ்வளவு நம்பிக்கை. அந்த மூட்டைகள் வெளியே போவதால் மண்ணுக்கோ காற்றுக்கோ ஒரு நன்மையும் இல்லை என்பதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

பொருட்களின் வாழ்நாள் கணக்குப் போடுவது என் தொழில். ஒரு பொருளுக்கான மூலப்பொருளைத் தோண்டி எடுப்பதில் தொடங்கி, ஆலையில் உருவாகி, வண்டியேறி வந்து, வீட்டில் உழைத்து, கடைசியில் குப்பையாகும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஆற்றல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு என்று கூட்டிப் பார்ப்பது. 1969-ல் கோகோ கோலா நிறுவனம் பானத்தை எந்த வகைக் கலத்தில் அடைப்பது என்று முடிவு செய்ய ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. இந்தத் துறையின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். இன்று இதற்கு ஐ.எஸ்.ஓ. 14040 என்று உலகத் தரநிலையே இருக்கிறது.

இத்தனை வருடக் கணக்கில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். பொருளை எப்போது மாற்றுவது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பேன்: இந்தப் பொருள் தன் கெடுதலை எப்போது செய்கிறது? ஆலையில் பிறக்கும்போதா, வீட்டில் ஓடும்போதா, உங்கள் உடம்பில் படும்போதா? மாற்ற வேண்டிய நேரம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அந்தப் பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கான பெட்ரோலியம் எடுத்தாகிவிட்டது, ஆலை புகைவிட்டு முடித்தாகிவிட்டது. கெடுதலின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டது. இப்போது தூக்கி எறிந்தால் அந்தக் கெடுதலுக்கு ஒரு பலனும் இல்லாமல் போகும். கூடவே மணலை 1,500 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்கிச் செய்த கண்ணாடிக்கான புதுச் செலவும் சேரும். கண்ணாடி நல்ல பொருள்தான், பல்லாண்டு உழைக்கும். ஆனால் அதை வாங்கும் நேரம் பழைய டப்பா விரிசல் விடும் நாள்.

துணிப்பை விஷயமும் இதேதான். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லாச் சுற்றுச்சூழல் அளவுகோலையும் சேர்த்தால் 7,100 முறை. இந்த 7,100-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு துணிப்பையே மோசடி என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. அந்தப் பெரிய எண் ஓசோன் படலம் சம்பந்தப்பட்ட ஓர் அளவுகோலால் வந்தது. தெருவில் வீசிய பை கடலுக்குப் போய்ச் சேருவதை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவும் இல்லை. நான் பிடித்துக்கொள்வது 52-ஐ. வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவருக்கு அது ஒரு வருடம். ஒரே பையை ஒரு வருடம் தூக்கினால் கடன் அடைந்துவிடும். ஆனால் போகிற இடமெல்லாம் இலவசமாகத் தருகிறார்கள் என்று பத்துப் பை சேர்த்து வைத்தால் பத்து வருடக் கடன். வீட்டில் இருக்கும் பழைய பிளாஸ்டிக் பைகளையே கிழியும் வரை கையோடு எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, எல்லாவற்றையும் தேயும் வரை வைத்திருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். உழைக்கிற டப்பாவை எறிந்துவிட்டு, மின்சாரத்தைக் குடிக்கிற பல்பை "இன்னும் எரியுதே" என்று விட்டு வைக்கிறார்கள். அந்த வீட்டிலும் படிக்கட்டிலும் பின்வாசலிலும் பழைய 60 வாட் குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் வெளிச்சமாவது கொஞ்சம்தான். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் சூடாகப் போகிறது. அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. மீதம் 51 வாட். நாளைக்கு 4 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 74 யூனிட், அதுவும் ஒரே ஒரு பல்புக்கு. புது எல்.இ.டி.யைச் செய்ய ஆன ஆற்றல் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தாலும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். தயங்க வேண்டாம்.

ஆனால் அதே வீட்டில் இன்னொரு அறையில் 14 வாட் சி.எஃப்.எல். (வளைந்த குழல் பல்பு) இருந்தது. அதை எல்.இ.டி.யாக மாற்றினால் மிச்சம் 5 வாட், வருடத்துக்கு 7 யூனிட் சொச்சம். புதுப் பல்பின் தயாரிப்புக் கடன் அடையவே பல வருடம் ஆகும். அது தானாக அணையட்டும் என்று சொன்னேன். அணைந்த பிறகும் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது, உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது; மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் தர வேண்டும். பார்த்தால் இரண்டும் பழைய பல்புதான். ஒன்றுக்கு இன்று, இன்னொன்றுக்குப் பிறகு.

மின்விசிறியும் பல்பு மாதிரிதான். வழக்கமான சீலிங் ஃபேன் 75 வாட்டை ஒட்டி எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் வைத்தது 30 வாட்டை ஒட்டி. நாளெல்லாம் சுழலும் கூடத்து ஃபேனை இப்போதே மாற்றலாம். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையின் ஃபேனைத் தொட வேண்டாம். நேரத்தைப் பெருக்காமல் வாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஃபிரிட்ஜுக்கு ஊகம் உதவாது, அளந்துதான் பார்க்க வேண்டும். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் மின்அளவி கருவி சின்னதுதான். மூன்று நான்கு நாள் விட்டு வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். அதைப் புதிய ஃபிரிட்ஜின் ஆற்றல் லேபிளில் இருக்கும் எண்ணோடு வைத்துப் பாருங்கள். பாதிக்கும் கீழே இறங்குமானால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. கதவு ரப்பர் இளகிப் போனதால் கூடுதலாகக் குடிக்கிறது என்றால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிய பிறகு பழையதை மாடியில் வைத்து "தண்ணி பாட்டிலுக்கு இருக்கட்டும்" என்று ஓட விட்டால் எல்லாக் கணக்கும் வீண். அப்புறம், பழைய ஃபிரிட்ஜைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் வாயுவை முறையாக உறிஞ்சி எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். பழைய ஃபிரிட்ஜுகள் பலவற்றில் இருக்கும் ஆர் 134ஏ என்ற குளிரூட்டும் வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஏறக்குறைய 1,400 கிலோ கார்பன் டைஆக்சைடு கலந்ததற்குச் சமம். இப்போது பல புது ஃபிரிட்ஜுகளில் வரும் ஆர் 600ஏ-யில் அந்தப் பிரச்சினை மிகக் குறைவு.

செல்போன், லேப்டாப் இரண்டும் இதற்கு நேர் எதிர். அவற்றின் கெடுதலில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது. "புது மாடல் மின்சாரம் கம்மியா எடுக்கும்" என்பது வாங்குவதற்கு ஒரு காரணமே இல்லை. பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதுதான் பசுமை.

மூன்றாவது வகையில் மட்டும் நான் கணக்குப் பார்ப்பதில்லை. உடம்பில் படுகிற விஷயம் அது. பிளாஸ்டிக் டப்பாவில் ஆறின பொருளை வைப்பது வேறு, கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது வேறு. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த குழந்தைகளின் பால் புட்டிகளை வைத்து 2020-ல் வந்த ஓர் ஆய்வில், தண்ணீரின் சூட்டை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு உயர்த்தியபோது, லிட்டருக்கு 6 லட்சம் என்று இருந்த நுண்பிளாஸ்டிக் துகள்கள் 5.5 கோடி ஆயின. இந்தத் துகள்கள் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் தவிர்ப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது முடிவுக்காகக் காத்திருப்பானேன்? சூட்டோடு பழகும் டப்பாவையும் புட்டியையும் உடனே மாற்றுங்கள். அந்த டப்பாவை எறியவும் வேண்டாம். பொத்தான், ஆணி, பேனா போட்டு வைக்கலாம்.

நான்ஸ்டிக் வாணலியின் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அந்தப் புகைக்குக் கூண்டுப் பறவைகள் செத்துப்போகின்றன. வெறும் வாணலியை எரியும் அடுப்பில் மறந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும். பூச்சு நன்றாக இருந்து, மிதமான தீயில் புழங்குகிறீர்கள் என்றால் பதற வேண்டாம். உரிந்துவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்ததை இரும்பிலோ எவர்சில்வரிலோ வாங்குங்கள். வீட்டில் பாதரச வெப்பமானி இருந்தால் உடையும் வரை வைத்திருக்காதீர்கள்.

அந்த அம்மாவின் மூட்டையில் எனக்கு அதிகக் கவலை தந்தது சுத்தம் செய்யும் திரவங்கள்தான். சிலர் இவற்றைச் சாக்கடையில் கொட்டிவிட்டு "இயற்கை"க்கு மாறுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டியது ஒரே நாளில் தண்ணீரில் போகிறது. இருப்பதை அளவாக உபயோகித்துத் தீர்த்துவிடுவதே நல்லது. சீக்கிரம் தீரட்டும் என்று ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. ப்ளீச்சோடு வினிகரோ மற்ற அமிலத் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கிளீனர் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு. இரண்டும் மூச்சை அடைத்து நுரையீரலைப் புண்ணாக்கும். வீட்டிலேயே தயாரிக்கும் கிளீனர் என்று சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து புட்டியில் அடைத்து வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நுரைத்து அடங்கிய பிறகு அங்கே இருப்பது பெரும்பாலும் சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக உபயோகித்தால்தான் வேலை நடக்கும்.

புதிதாக வாங்கும் நேரம் வந்துவிட்டால் லேபிளை நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பிய ஆணையம் 2020-ல் பசுமை விளம்பர வாசகங்களைப் பரிசோதித்தபோது, பாதிக்கு மேல், அதாவது 53 சதவீதம், தெளிவில்லாதவையாகவோ தவறான எண்ணம் தருபவையாகவோ ஆதாரமற்றவையாகவோ இருந்தன. 'மக்கும்' என்ற சொல்லில்தான் அதிகம் ஏமாறுகிறோம். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையில், மக்கும் என்று அச்சிட்ட பை மூன்று வருடம் மண்ணுக்குள் கிடந்த பிறகும் சாமான் தூக்கும் வலுவோடு இருந்தது. பி.எல்.ஏ. போன்ற தாவர பிளாஸ்டிக்குக்கு 58 டிகிரி சூட்டை விடாமல் காக்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். வீட்டு உரத்தொட்டியில் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பக்கத்தில் அப்படி ஓர் உரக்கூடம் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்காக மாறாதீர்கள்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லி முடித்தபோது அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. பிறகு அவரே எழுந்து மூட்டையை அவிழ்த்தார். ஒரு தாள் எடுத்து, வீட்டில் தேய்ந்துகொண்டு வரும் பொருட்களை வரிசையாக எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தீரும்போது என்ன வாங்குவது என்று. திடீரென்று ஒன்று உடைந்தால் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கிவிடுவோம் அல்லவா, அதற்காக. குண்டு பல்புகளை அன்று மாலையே அவர் மகன் மாற்றினான். தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள்.

ஒரு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்தத் தாளைப் பார்த்தேன். ஏழு வரி அடித்திருந்தது. பிளாஸ்டிக் வாளி அடிக்காமல் இருந்தது. அது இன்னும் உடையவில்லை.