திமிங்கலம் முதுகுல ஒட்டுன மைக்

"ஒரு கிலோமீட்டர் ஆழத்துல திமிங்கலம் வேட்டையாடுறத யாரு போய்ப் பாத்தாங்க, எல்லாம் கதைதானே?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்தான். பாக்கலதான், ஆனா ஒட்டுக்கேட்டிருக்காங்க.

அமெரிக்காவுல இருக்கிற உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்துல மார்க் ஜான்சன், பீட்டர் டயாக் ரெண்டு பேரும் உருவாக்குன டீ-டேக்னு ஒரு சின்னக் கருவி, 2003ல அதப் பத்தி பேப்பர் போட்டாங்க. உள்ள ஹைட்ரோபோன் (தண்ணிக்குள்ள கேக்குற மைக்), ஆழம் சொல்ற பிரஷர் சென்சார், உடம்பு எப்படித் திரும்புது புரளுதுன்னு பதிய ஆக்ஸிலரோமீட்டர். திமிங்கலம் மூச்சு விட மேல வரும்போது படகுல இருந்து நீளக் கம்பால முதுகுல அழுத்திடுவாங்க, சக்ஷன் கப் கவ்விக்கும், தோல்ல ஓட்டை போடுற வேலையே இல்ல. சில மணி நேரத்துல கழண்டு மேல மிதக்கும், ரேடியோ சிக்னல வச்சுத் தேடிப் புடிக்கணும். புடிக்கலன்னா டேட்டா போச்சு, ஏன்னா உப்புத்தண்ணிக்குள்ள ரேடியோ அலை போகாது, எல்லாம் டேக்குக்குள்ளயேதான் இருக்கும்.

இனிமேதான் எனக்குப் புடிச்ச இடம். பறவை அலகு மாதிரி மூஞ்சி நீண்ட, ஆழத்துல இரை தேடுற அலகுத் திமிங்கலத்துல ஒட்டிப் பாத்தா, மேல இருக்கிற வரைக்கும் ஆளு கப்சிப். சில நூறு மீட்டர் இறங்குனப்புறம்தான் நம்ம காதுக்கு எட்டாத அதிர்வெண்ல நொடிக்கு மூணு நாலு கிளிக். ஒவ்வொரு கிளிக்குக்குப் பின்னாடியும் லேசா இன்னொரு சத்தம் கேக்குது பாருங்க, அது எதிர்ல இருக்கிற இரை மேல பட்டுத் திரும்புன எதிரொலி! தண்ணில ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், அப்போ எதிரொலி 10 மில்லிசெகண்ட்ல வந்தா போக வர 15 மீட்டர், இரை ஏழரை மீட்டர்ல இருக்கு. கிளிக்குகள ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கி வரைஞ்சா எதிரொலி எல்லாம் சேர்ந்து ஒரு சாய்கோடா நெருங்கி நெருங்கி வரும். சில மீட்டர் தூரம் வந்ததும் கிளிக் வேகம் நொடிக்கு 200க்கு மேல எகிறி 'ர்ர்ர்ர்'னு ஒரே ரீங்காரமாயிடும், அதே நேரம் உடம்பு ஒரு உலுக்கு உலுக்கும். பாய்ஞ்சிருச்சு!

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அமெரிக்கக் கடற்படையே காசு குடுத்திருக்கு. போர்க்கப்பல் சோனார் (ஒலி அனுப்பி எதிரொலிய வச்சு நீர்மூழ்கியத் தேடுற கருவி) பயிற்சி நடந்த சமயத்துல திமிங்கலங்க கரை ஒதுங்குனதா அவங்க மேலயே புகார், விசாரிக்கவும் அவங்க பணம், கொஞ்சம் உறுத்தலாத்தான் இருக்கு. ஆனா முடிவ யாரும் பூசி மெழுகல. பஹாமாஸ் கடல்ல டேக் ஒட்டுன அலகுத் திமிங்கலத்துக்கு சோனார் சத்தத்தப் போட்டுக் காட்டுனா, பாதி வேட்டைலயே கிளிக்க நிறுத்திட்டு அந்தப் பக்கத்துல இருந்து விலகிப் போயிருச்சுன்னு 2011ல அந்த டீமே எழுதி வெளியிட்டாங்க.