குரல் பதிவில் பேசுவது யார்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு காணொளியையோ குரல் பதிவையோ கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அதில் தப்பே இல்லை. மனசு சரியில்லை என்றாலே "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று, அங்கிருக்கும் மனநல மருத்துவமனையைச் சொல்லிப் பயமுறுத்தி வளர்த்த ஊர் இது. வாய்விட்டுக் கேட்க முடியாததைக் கைப்பேசியில்தான் தேடுவார்கள்.

தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்த ஓர் அக்கா, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்து, சில மாதங்களில் நன்றாகத் தேறி வந்தார். அப்போதுதான் உறவினர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு குரல் பதிவு: "இந்த மாத்திரை ஆளை அடிமையாக்கும், உடனே நிறுத்துங்கள்." நிறுத்திவிட்டார். தலைசுற்றல், குமட்டல், தூக்கமே இல்லை. பதிவில் சொன்னது உண்மைதான் என்று அவருக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. இவ்வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடம்பு இப்படித் தடுமாறுவது உண்டு. அது போதைக்கு அடிமையாவது அல்ல. அதனால்தான் மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். பதிவை நானும் கேட்டேன். பேசியவர் பெயர் இல்லை, படிப்பு இல்லை. மூலிகைப் பொடியின் விலை இருந்தது.

யார் சொல்கிறார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 1998 ஆலோசகர் சட்டப்படி, பதிவு இல்லாதவர் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆலோசகர்களைப் பதிவு செய்யும் வாரியமான லெம்பாகா கவுன்சிலர் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். மனநல மருத்துவர் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில். என் பெயரையும் தேடிப் பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். நோயைப் பற்றிப் படிக்க, சுகாதார அமைச்சின் மைஹெல்த் தளத்தில் தொடங்கலாம். நிச்சயம் குணமாகும் என்று அடித்துச் சொல்லி எதையாவது விற்கும் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அப்புறம், இணையச் சோதனைகள். மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாள் உண்மையிலேயே மருத்துவர்கள் பயன்படுத்துவதுதான்: கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், 27 வரை புள்ளிகள். ஆனால் புள்ளி கூடியதாலேயே மனச்சோர்வு என்று முடிவாகிவிடாது. தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் அதே அசதி வரும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான், போய்க் காட்டுங்கள்.

அதன் 9-ஆவது கேள்வி, சாகலாம் போலிருக்கிறதா என்பது. அதற்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்தப் புள்ளி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மனம் தளர்ந்தவர்கள் பேசுவதற்கான உதவித் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.