ஹாலைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் பேசினால் நன்றாகக் கேட்கிறது. எங்கள் ஊர் நூலகத்தில் மாதாமாதம் கூட்டம் நடக்கும். அங்கே போனால் மட்டும் ‘சத்தம் வருது, பேச்சு புரியல’ என்று பாதியில் எழுந்து வந்துவிடுகிறார். மெஷினில் கோளாறா?”

மெஷின் சரியாகத்தான் இருக்கும். மேடைக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் தகராறு. காது மெஷினின் மைக் அவர் காதில் இருக்கிறது, பேசுகிறவர் பத்து மீட்டர் தள்ளி நிற்கிறார். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது பள்ளியில் படித்ததுதான். தலைக்கு மேலே சுற்றும் ஃபேனுக்கு அந்த விதி சலுகை கொடுத்துவிடுகிறது, அது பக்கத்திலேயே இருக்கிறதே. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி வேறு. மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கிக் காதில் கொட்டும். போதாததற்கு, வயதாகும்போது உள்காதின் மயிர்ச் செல்களில் உயர் அதிர்வெண்ணுக்கு உரியவைதான் முதலில் பழுதாகின்றன. உயிரொலி கேட்கும், மெய்யொலி நழுவும். பட்டம், சட்டம், கட்டம், வட்டம் எல்லாம் அவருக்கு ஒன்றுபோலத்தான்.

ஆக, பேசுகிறவரின் வாய்க்கு முன்னால் இருக்கும் மைக்கிலிருந்து ஒலியை நேரே அவர் காதுக்குக் கொண்டுபோய்விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. இண்டக்‌ஷன் லூப் என்பார்கள், இடத்தைச் சுற்றிப் போடும் கம்பி வளையம். பிரிட்டனில் தேவாலயங்கள், வங்கிக் கவுன்டர்கள், லண்டன் டாக்சிகளில்கூட இருக்கிறது. காது படமும் ‘டி’ என்ற எழுத்தும் போட்ட பலகையைப் பார்த்தால் அங்கே லூப் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ‘டி’ டெலிஃபோனில் இருந்து வந்தது. பழைய ஃபோன் ரிசீவருக்குள் ஒரு மின்காந்தச் சுருள் இருக்கும். அது தகட்டை அதிரவைத்து ஒலி எழுப்பும்போது கொஞ்சம் காந்தப்புலம் வெளியே கசியும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. காது மெஷினுக்குள் ஒரு குட்டிச் சுருளை வைத்தால், அந்தக் கசிவையே பிடித்து, மைக்கே இல்லாமல் ஃபோன் பேச்சைக் கேட்கலாம் என்று 1930-களில் கண்டுகொண்டார்கள். இந்தச் சுருள்தான் டெலிகாயில். அப்படியானால் ரிசீவருக்குப் பதிலாக ஓர் அறை முழுவதையும் சுற்றிக் கம்பி போட்டால்? ரஷ்யாவிலிருந்து லண்டனுக்குக் குடியேறிய ஜோசப் பொலியகாஃப் 1937-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். யூடியூபில் தனிமங்களைப் பற்றிப் பேசும் பரட்டைத்தலை வேதியியல் பேராசிரியர் மார்ட்டின் பொலியகாஃப் இவருடைய பேரன்தான்.

எனக்கு இதில் பிடித்ததே இதன் எளிமை. வானொலியில் ஒலியை ஓர் உயர் அதிர்வெண் அலைமேல் ஏற்றி அனுப்பி, மறுமுனையில் இறக்க வேண்டும். இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பேச்சு எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே கம்பியில் மின்னோட்டம் ஏறி இறங்கும். அப்படியே காந்தப்புலமும் ஏறி இறங்கும். ஃபாரடே சொன்னபடி, மாறுகிற புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். மெஷின் அதைப் பெருக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். பேச்சின் உச்சத்தில் புலம் மீட்டருக்கு 400 மில்லிஆம்பியர் அளவு இருக்கவேண்டும் என்கிறது சர்வதேசத் தரவிதி. நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 80-ல் ஒரு பங்குதான். பூமியின் புலம் மாறாமல் நிற்பதால் சுருளுக்கு அது கேட்பதே இல்லை.

சூட்சுமம் ஆம்பிளிஃபயரில் இருக்கிறது. பத்து மீட்டர் சதுர ஹாலைச் சுற்றி 40 மீட்டர் கம்பி போடுகிறோம், ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு. மின்தடை அரை ஓம்கூட வராது. ஆனால் கம்பி வளையமாக இருப்பதால் அதற்குத் தூண்டல் தடையும் உண்டு, அது அதிர்வெண்ணோடு ஏறும். கணக்குப் போட்டால் 5,000 ஹெர்ட்சில் மொத்தத் தடை இரண்டு ஓமைத் தாண்டிவிடுகிறது. சாதாரண மேடை ஆம்பிளிஃபயரை மாட்டினால், அழுத்தத்தைத்தான் அது மாறாமல் வைத்திருக்கும். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். சுருங்குவது எது? அப்பாவின் காது ஏற்கெனவே தொலைத்துவிட்ட அதே ‘ச’வும் ‘த’வும்! அதனால் லூப் ஆம்பிளிஃபயரை வேறு மாதிரி வடிவமைக்கிறார்கள். தடை ஏற ஏற அது அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய் மின்னோட்டத்தைக் குறையாமல் பிடித்து நிறுத்தும். இந்த அளவு ஹாலுக்கு உச்சத்தில் நாலரை ஆம்பியர் வேண்டும். தெரிந்தவர் கையில் விடவேண்டிய வேலை இது. மைக் செட்காரர் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிவிட்டு ‘லூப் போட்டாச்சு’ என்பது சரிப்படாது.

திசையும் முக்கியம். வளையத்தின் நடுவில் புலம் செங்குத்தாக இருக்கும், டெலிகாயிலும் காதில் செங்குத்தாக நிற்கவேண்டும். தலை 60 டிகிரி சாய்ந்தால் ஒலி பாதியாகும், கொசைன் கணக்கு. கூட்டத்தில் கண்ணயர்ந்து தலை தொங்குகிறவருக்குப் பேச்சு தானாகவே மெலிந்துவிடும். சில சொற்பொழிவுகளுக்கு அது நல்லதுதான். கம்பிக்கு நேர் மேலே புலம் கிடைமட்டமாகிவிடுவதால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் கேட்காது.

நம் ஊர்க் கட்டடங்களில் இரண்டு தொல்லைகள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கூடு புலத்தைத் தின்னும், அதுவும் உயர் அதிர்வெண்ணை அதிகமாக. அப்போது ஒற்றை வளையம் போதாது, நெருக்கமாகப் பல வளையங்கள் தேவைப்படும். அடுத்தது மின் ஒயரிங். ஃபேஸ் ஒரு வழியில் போய் நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால், அதுவே 50 ஹெர்ட்ஸ் லூப்பாகி ‘ஙொய்’ என்று இரையும்.

பிறவியிலிருந்து சைகைமொழியில் வாழ்கிறவர்களுக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மேடையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், திரையில் எழுத்து வேண்டும். இங்கே எனக்கு ஓர் ஆதங்கம். எந்தப் பொறியியல் கல்லூரிக் கண்காட்சிக்குப் போனாலும் சைகையைப் பேச்சாக்கும் கையுறை ஒன்று பரிசு வாங்கியிருக்கும். அமெரிக்காவிலும் 2016-ல் இப்படி ஒரு கையுறைக்குப் பெரிய பரிசு கொடுத்தார்கள். சைகைமொழியின் இலக்கணத்தில் பாதி புருவத்திலும் உதட்டிலும் தோளிலும் இருக்கிறது, கையுறைக்கு அது எப்படித் தெரியும் என்று காது கேளாதோரே கேட்டார்கள். அந்தக் காசுக்கு மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கலாம், நாலு நூலகத்துக்குக் கம்பியும் போடலாம். இவற்றுக்குக் கோப்பை கிடைக்காது என்பதுதான் குறை போலிருக்கிறது.

புளூடூத்திலேயே ஒரே நேரத்தில் பலருக்கு ஒலிபரப்பும் ஆராகாஸ்ட் முறை 2022-ல் அறிவிக்கப்பட்டது. வருங்காலம் அதற்குத்தான். ஆனால் அதற்குப் புது மெஷின் வேண்டும்.

வாசகருக்கு: அப்பாவின் மெஷின் காதுக்குப் பின்னால் மாட்டும் வகையா? பழைய மாடல் என்றால் ஓ, டி, எம் என்று மூன்று எழுத்து போட்ட சின்னச் சுவிட்ச் இருக்கும். ‘எம்’ மைக், ‘டி’ டெலிகாயில், ‘ஓ’ அணைப்பு. புதியவற்றில் பட்டனை அழுத்தி மாற்றவேண்டும், காதைச் சோதித்து மெஷினைப் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் அதை முடுக்கிவிட்டிருந்தால். காதுக்குள்ளேயே போகும் குட்டி மெஷின்களில் பெரும்பாலும் சுருளுக்கு இடமிருக்காது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நூலகரிடம் பேசுங்கள். லூப் போட்டபிறகு இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். ‘டி’யில் வைத்தால் மெஷினின் மைக் அணைந்துவிடும், ஃபேன் இரைச்சலும் இருமலும் போய்விடும். கூடவே, மைக்கைத் தொடாதவர் பேச்சும் போய்விடும். “எனக்கு மைக் வேண்டாம், என் குரல் கடைசி வரிசைவரை கேட்கும்” என்கிற பேச்சாளரையும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கேள்வி கேட்கிறவரையும் மைக்கில் பேசவைப்பது நூலகர் பொறுப்பு.